அறுபத்தொரு ஆய்வேடுகளின் ஆசிரியர்

மலப்பிரபா பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் களஞ்சியத்தில் தேடிப் பார்த்தால், சமூகவியல் பேராசிரியர் வி.கே. தேசனூர் தன் வாழ்நாளில் அறுபத்தொரு முனைவர் பட்ட ஆய்வேடுகளை எழுதியிருப்பது தெரியவரும். 2009இல் மட்டும் ஏழு. அந்த வருஷம் சிக்குன்குனியா வந்து, விரலை மடக்க முடியாமல் மூன்று மாதம் விடுப்பில் இருந்தவர் அவர். விடுப்புக் கடிதத்தைக்கூட அவர் மனைவிதான் எழுதிக் கொடுத்தார். அந்த நிலையிலும் ஏழு எழுதினார் என்றால் அவர் சாதாரண மனிதராக இருக்க முடியாது.

நான் சுமங்கலா படிகேர், அந்த நூலகத்தில் உதவி நூலகர். புத்தகத்துக்கு எண் போடுவது, அட்டவணை செய்வது, கேட்பவருக்குத் தேடிக் கொடுப்பது என்று இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. களஞ்சியம் வந்த பிறகு, தேடினாலும் கிடைக்காது என்று பணிவாகச் சொல்வதும் என் வேலையில் சேர்ந்தது.

களஞ்சியம் எதற்காக வந்தது என்று கேட்டால், படிப்பவர்களுக்காக என்று சொல்லிவிடாதீர்கள். தரமதிப்பீட்டுக் குழு வருகிறது, அதற்காக வந்தது. குழு தரும் படிவத்தில் "மின்னணுமயமாக்கப்பட்டவை எத்தனை?" என்று ஒரு கட்டம் உண்டு. "அவற்றில் ஒன்றையாவது யாராவது கண்டுபிடித்தார்களா?" என்று கட்டம் கிடையாது. எங்கள் நூலகர் டாக்டர் நிடகுந்தி இதைப் படித்த அன்றே தெளிவடைந்துவிட்டார். எங்களிடம் இருந்தவை ஏழாயிரத்துச் சொச்சம் ஆய்வேடுகள். அதை அப்படியே காட்டினால் என்ன மரியாதை? ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனித்தனியாக ஏற்றச் சொன்னார். ஒரே மாதத்தில் நாங்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டினோம். இன்றைக்கும் எங்கள் களஞ்சியத்தில் "இரண்டாம் அத்தியாயம்" என்ற தலைப்பில் ஏழாயிரம் ஆவணங்கள் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது அதில் எது என்று நீங்கள்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

விவரங்களைத் தட்டச்சு செய்யும் வேலை ஹூப்ளியில் ஒரு பேக்கரி மாடியில் இருந்த கம்பெனிக்குப் போனது. ஐந்து பெண்கள் அங்கே உட்கார்ந்து தட்டினார்கள். வேலையில் சுத்தம், ஓர் எழுத்துப் பிழை இருக்காது. ஆனால் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. மேலே ஆய்வு செய்தவர் பெயர், கீழே வழிகாட்டியின் பெயர். ஆசிரியர் என்ற கட்டத்தில் எதைப் போடுவது என்று அந்தப் பெண்கள் மேற்பார்வையாளரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் யோசித்துப் பார்த்து ஒரு தீர்ப்பு சொன்னார். இது டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேடு. ஆகவே எந்தப் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கிறதோ அவர்தான் எழுதியிருக்க வேண்டும். டாக்டர் ஆகாத ஒருவர் இதை எப்படி எழுதியிருப்பார்?

குறை சொல்ல முடியாத தர்க்கம். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகுதான் பட்டம் கிடைக்கும் என்பது பேக்கரி மாடி வரை எட்டவில்லை. அப்படியாக எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய ஏழாயிரம் பேரும் ஒரே மாதத்தில் காணாமல் போனார்கள். அவர்கள் எழுதியதெல்லாம் வழிகாட்டிகளின் பெயருக்குப் போனது.

இதில் என் கையும் உண்டு. அதைச் சொல்லாமல் கடந்துபோனால் நானும் நிடகுந்தி மாதிரிதான். பதிவுகளில் நூற்றுக்குப் பத்தைச் சரிபார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியது நான். மூன்றாவது பதிவிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஓடிப்போய் நிடகுந்தியிடம் சொன்னேன்.

"அந்தக் கட்டம் காலியா இருக்கா சுமங்கலா?" என்றார்.

"இல்ல சார். தப்பா இருக்கு."

"காலியா இல்லல்ல? திங்கக்கிழமை குழு வருது. கையெழுத்தப் போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

போட்டேன். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி, எல்லாருக்கும் மிர்ச்சி பஜ்ஜியும் கிர்மிட் என்கிற மசாலாப் பொரியும் வந்திருந்தது. பஜ்ஜி ஆறுவதற்குள் ஐம்பதாயிரம் பதிவுகளும் சரியானவை என்று எழுதிக் கொடுத்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளும் நாள் வரவேயில்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே உட்கார்ந்து பதினோரு பதிவுகளைத் திருத்தினேன். தேசனூர் தன் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடு அவர் பெயருக்கே வந்தது அப்போதுதான். அனுமதியில்லாமல் திருத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, திருத்தும் உரிமையையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

குழு வந்தது, எண்ணிக்கையைப் பார்த்து மெய்ம்மறந்தது, நல்ல மதிப்பெண் கொடுத்தது. களஞ்சியத்தில் மிக அதிகமாக எழுதியவர் என்று தேசனூருக்கு விழா எடுத்தார்கள். துணைவேந்தர் சால்வை போர்த்தி, மைசூர் பேட்டா தலைப்பாகையைத் தலையில் வைத்து, தார்வாட் பேடா பெட்டியைக் கையில் கொடுத்தார். அறுபத்தொன்றில் ஒன்று மட்டும்தான் தன்னுடையது என்று தேசனூர் சொல்லவில்லை. எல்லாம் சரஸ்வதியின் கருணை என்று சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த எனக்கும் ஒரு பேடா கிடைத்தது.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து ஹுலிகெம்மா தளவார் வந்தாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தோளில் துணிப்பை. அதிலிருந்து கெட்டி அட்டை போட்ட ஆய்வேட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். என்னை ஞாபகம் இருக்கிறதா அக்கா என்று கேட்டாள். இருக்கிறதே என்றேன். இல்லை. வருஷத்துக்கு இருநூறு முகங்கள் வந்து போகிற இடம்.

முண்டரகிப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினொரு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. வருஷா வருஷம் ஏப்ரலில் வேலை போகும், ஆகஸ்டில் திரும்ப வரும். இப்போது நிரந்தர வேலைக்கான பட்டியலில் பெயர் வந்திருந்தது. வயது வரம்பு காரணமாக இதுதான் கடைசி வாய்ப்பு. சான்றிதழ் சரிபார்க்கும்போது ஆய்வேட்டை ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டிருக்கிறார்கள். 98 சதவீதம் காப்பி என்று வந்தது. மூலம்: தேசனூர் வி.கே., மலப்பிரபா பல்கலைக்கழகக் களஞ்சியம். பத்து நாளில் விளக்கம் தராவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்று தேர்வுக் குழு கடிதம் அனுப்பியிருந்தது. அதில் மூன்று நாள் தபாலிலேயே போய்விட்டது.

"நான் எழுதினத நானே திருடிட்டேன்னு சொல்றாங்க அக்கா," என்றாள்.

"98 சரி. மீதி ரெண்டு சதவீதம் என்ன?"

"முன்பக்கங்க. இது என் சொந்த உழைப்புன்னு எழுதிக் குடுத்த உறுதிமொழி, அப்புறம் நன்றியுரை. அது ரெண்டும் இங்க ஏத்தவே இல்ல. அதனால அது மட்டும் நான் எழுதினதுன்னு ஒத்துக்கறாங்க."

ஏற்றாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அத்தியாயத்தைத்தான் எண்ணினோம். அத்தியாயமல்லாத பக்கத்தால் யாருக்கும் பயனில்லை.

அவள் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தேன். சாயங்கால பஸ்ஸுக்கும் பெண்பிள்ளைகளின் படிப்புக்கும் உள்ள தொடர்பு. நாற்பத்தொரு கிராமங்களில், பஸ் நிறுத்தம் நிறுத்தமாக நின்று எண்ணியிருக்கிறாள். நாலரை மணி பஸ் நின்றுபோன ஊர்களில் ஏழாம் வகுப்போடு பெண்களின் படிப்பும் நின்றிருக்கிறது. பின்னிணைப்பில் அவள் கையெழுத்திலேயே அட்டவணைகள். தேசனூர் பஸ்ஸில் ஏறி நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. பாதிக்கு மேல் என்மேல்தான்.

புத்தகத்தையே குழுவிடம் காட்டினால் என்ன என்று கேட்டேன். காட்டியாயிற்றாம். அட்டை போட்ட புத்தகத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், களஞ்சியத்தில் இருப்பதுதான் ஆதாரம் என்றார்களாம். களஞ்சியத்தின்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்தவர்களை நான் அதுவரை சந்தித்ததில்லை.

அவளை நிடகுந்தியிடம் அழைத்துப் போனேன். அவர் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டுவிட்டு விதிப்புத்தகத்தை எடுத்தார். விதி ஏழின்படி, ஒரு பதிவைத் திருத்த வேண்டுமானால் அந்தப் பதிவின் ஆசிரியர் படிவத்தில் கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

"நான்தான சார் ஆசிரியர். குடுங்க, போடறேன்," என்றாள் ஹுலிகெம்மா.

"பதிவுப்படி இல்லையேம்மா. பதிவுப்படி ஆசிரியர் தேசனூர் சார்."

"அந்தப் பதிவு தப்புன்னுதான சார் வந்திருக்கேன்."

"புரியுது. அதத் திருத்தறதுக்குத்தான் அவர் கையெழுத்து வேணும்."

இந்த விதிகளை வகுத்த குழுவுக்குத் தலைவர் யார் என்று நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள்.

தேசனூர் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். ஹுலிகெம்மாவைத் தன் மகள் மாதிரி என்றார். மகளின் ஆய்வேட்டைத் திருப்பித் தருவதில்தான் சிக்கல். ஆசிரியர் என்ன, வழிகாட்டி என்ன, அறிவுக்குச் சொந்தக்காரர் உண்டா என்று பத்து நிமிஷம் பேசினார். சுவரில் பேட்டா அணிந்த அவர் படம் மாட்டியிருந்தது. மேசையில் அவருடைய தன்விவரக் குறிப்பு ஐந்தாறு பிரதிகள் கிடந்தன. வேறொரு பல்கலைக்கழகத்துத் துணைவேந்தர் பதவிக்கு அவர் பெயர் பேச்சில் அடிபட்டுக்கொண்டிருந்தது. குறிப்பின் முதல் வரியிலேயே அறுபத்தொன்று இருந்தது. ஒன்றைத் திருத்தினால் மீதி அறுபதும் வரிசையில் வந்து நிற்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"வேணும்னா ஒண்ணு பண்றேம்மா. நீ ரொம்ப நல்ல பொண்ணுன்னு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் தரேன்," என்றார்.

ஹுலிகெம்மா தேநீரைத் தொடாமல் எழுந்துவிட்டாள். படி இறங்கும்போது, போன தடவை இந்தப் படியில் இறங்கியபோது டாக்டர் ஆகிவிட்டோம் என்று அழுதுகொண்டே இறங்கினேன் அக்கா என்றாள். இந்த முறை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இன்னும் ஆறு நாள் இருந்தது. அறுபத்தொன்றையும் உண்மையில் எழுதியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் தயாரித்து அவள் விளக்கத்தோடு அனுப்பலாம் என்று நினைத்தேன். அதற்கு ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த ஆய்வேடு என்று பார்த்து, கிடங்கிலுள்ள அச்சுப் பிரதியின் முதல் பக்கத்திலிருந்து பெயரை எடுக்க வேண்டும். எல்லாம் முதலாம் அத்தியாயம், இரண்டாம் அத்தியாயம் என்றே கிடந்தன. கிட்டத்தட்ட நானூறு ஆவணங்கள். எதற்குள் என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். கல்யாண வீட்டில் மூடி வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிற மாதிரி இரண்டு நாள் திறந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு மூன்றாம் அத்தியாயத்தில் என் கை நின்றது. பெல்காம் மாவட்டப் பெண்கள், அலை ஓய்ந்த மாதங்களில் கரையில் அமர்ந்து வலை பின்னுகிறார்கள் என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். பெல்காம் கடற்கரையில் மீன் காய்கிறது. பெல்காம் படகுகள் விடியுமுன் கிளம்புகின்றன. புயல் எச்சரிக்கையின்போது பெல்காம் பெண்கள் படும் பாட்டுக்குத் தனியாக ஓர் அட்டவணை வேறு. பெல்காமிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் மலைத்தொடரைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஆய்வேடு வந்த வருஷம் 2009. எழுதியவர் இப்போது பெட்ரோல் பங்க் வைத்து நன்றாக இருக்கிறார்.

அதை ஒப்புமை மென்பொருளில் போட்டேன். கடற்கரையோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் பத்து வருஷம் முன்னதாக வந்த ஆய்வேட்டோடு 84 சதவீதம் பொருந்தியது. மீதி பதினாறும் பெரும்பாலும் பெல்காம் என்ற சொல்தான்.

பிறகு விதிப்புத்தகத்தைத் திறந்தேன். விதி பதினொன்று: களஞ்சியத்தில் உள்ள ஓர் ஆவணம் அறுபது சதவீதத்துக்கு மேல் வேறொன்றோடு பொருந்தினால், பதிவிலுள்ள ஆசிரியருக்கு நூலகம் உடனே விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நகல் பதிவாளருக்கு. கண்டிப்பான விதி, தேசனூரே வகுத்தது. விதிக்கு மாறாகத் திருத்தியதற்கு ஒருமுறை மெமோ வாங்கியவள் நான். இனி விதியை மீறுவதில்லை என்று முடிவு செய்து நோட்டீஸைத் தட்டச்சு செய்தேன்.

நிடகுந்தி கையெழுத்திட வேண்டும். பத்துப் பதினைந்து தாள்களோடு சேர்த்துக் கொண்டுபோய் வைத்தேன். யாருடனோ போனில் பேசிக்கொண்டே எல்லாவற்றிலும் போட்டுக் கொடுத்தார். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற மனிதரைக் கேலி செய்ய எனக்குத் தகுதியில்லை. நான் படித்துவிட்டுத் தெரிந்தே போட்டவள்.

நோட்டீஸ் காலை பதினொரு மணிக்குப் போனது. பன்னிரண்டரைக்குத் தேசனூர் நூலகத்தில் இருந்தார். விழாவுக்குப் பிறகு அவர் நூலகப் படி ஏறியது அன்றுதான். மூச்சு வாங்கியது, நோட்டீஸ் கையில் மடங்கிக் கிடந்தது.

"என்னம்மா இது? நான் எப்ப இத எழுதினேன்?"

"பதிவுல ஆசிரியர் நீங்கதான் சார்."

"கைடா இருந்தேன், அவ்வளவுதான். எழுதினது அந்தப் பய."

"அப்ப பதிவு தப்பா சார்?"

"தப்புதான். உடனே மாத்து."

"எனக்கு மாத்தற உரிமை இல்ல சார், எடுத்துட்டாங்க. விதி ஏழு படிவம் இருக்கு. ஆசிரியர் கையெழுத்துப் போட்டா நூலகர் மாத்திடுவார்."

படிவத்தை நீட்டினேன். பேனாவை எடுத்து, பெல்காம் கடற்கரையின் தலைப்பை மட்டும் எழுதினார். கீழே, தவறு நேர்ந்த காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே பேனா நின்றது.

"காரணம் என்ன போட?" என்றார்.

"நடந்ததப் போடுங்க சார். பதிவு செஞ்சவங்க எழுதினவர் பேருக்குப் பதிலா கைடு பேரைப் போட்டுட்டாங்கன்னு."

எழுதினார். எழுதி முடித்தபோதே அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். இருந்தாலும் என் வாயால் சொல்லட்டும் என்று என் முகத்தைப் பார்த்தார்.

"இதே காரணம் மீதி ஐம்பத்தொன்பதுக்கும் பொருந்துமே சார். உங்க சொந்த தீசிஸ் ஒண்ணப் பத்திரமா வெச்சுடுவோம். கடல் வந்தத மட்டும் நீங்க எழுதல, மத்ததெல்லாம் எழுதினீங்கன்னா பதிவாளர் ஏன்னு கேப்பார். அந்தச் சாக்குல யாராவது மீதியையும் மென்பொருள்ல போட்டுப் பாத்தாலும் பாப்பாங்க."

அந்த அறுபது பேரில் எத்தனை பேர் கடலைக் கொண்டுவந்திருப்பார்கள் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொன்றிலும் இது அசல் உழைப்பு, நான் முழுவதும் படித்தேன் என்று அவர் கையெழுத்திட்ட சான்றிதழ் இருக்கிறது. அதுவும் முன்பக்கம்தான், ஏற்றாமல் விட்ட பக்கம். அதை நான் அப்போது அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

நான் தயாரித்து வைத்திருந்த பட்டியலை அவர் முன் வைத்தேன். அறுபது தலைப்புகள், அறுபது பெயர்கள். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திட்டார். களஞ்சியத்திலுள்ள எந்த மாணவரின் ஆய்வேட்டுக்கும் தான் ஆசிரியர் அல்ல என்று ஒரு கடிதமும் எழுதித் தந்தார். எனக்குத் தெரிந்து அவர் சொந்தமாக எழுதிய இரண்டாவது படைப்பு அது.

நிடகுந்தி அன்றே அறுபதையும் மாற்றினார். பதிவாளர் பெயரைக் கேட்டதும் அவருக்கு வேகம் தானாக வந்துவிட்டது. ஹுலிகெம்மா தளவார் என்று தேடல் பெட்டியில் அடித்துப் பார்த்தேன். அதுவரை "முடிவுகள் எதுவும் இல்லை" என்று வந்த இடத்தில் ஏழு முடிவுகள் வந்தன. முதலாம் அத்தியாயம் முதல் ஏழாம் அத்தியாயம் வரை. ஒன்பதாம் நாள் அந்தப் பக்கத்தோடும் தேசனூரின் கடிதத்தோடும் அவள் விளக்கம் தேர்வுக் குழுவுக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தாள்.

"மறுபடி மென்பொருள்ல போட்டுப் பாத்தாங்க அக்கா. இப்பவும் 98 சதவீதம் காப்பிதான். ஆனா யாரப் பாத்துன்ற எடத்துல என் பேரு இருக்கு." சிரித்தாள். திங்கட்கிழமை வேலையில் சேரச் சொல்லிவிட்டார்களாம். சிரித்து முடித்ததும் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் புத்தகம் இன்னும் என் மேசையில்தான் இருந்தது. விட்டுப்போன முன்பக்கங்களை ஏற்றிவிட்டு அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். உறுதிமொழியை ஸ்கேனரில் வைத்தேன். அடுத்தது நன்றியுரை. கண்ணாடியில் கவிழ்க்கும் முன் படித்தேன்.

தேசனூருக்கு நாலு வரி நன்றி. நாலரை மணி பஸ்ஸின் கண்டக்டருக்கு இரண்டு வரி. கடைசியில் ஒரு வரி இருந்தது: "எங்கும் கிடைக்காத பழைய பேருந்துத் துறை அறிக்கைகளை, கிடங்கில் மூன்று நாள் தேடி, தூசி தட்டி என் கையில் கொடுத்த நூலகர் சுமங்கலா படிகேர் அவர்களுக்கு. அவர் தேடியிராவிட்டால் இந்த ஆய்வு இல்லை."

கிடங்கு ஞாபகம் வந்தது. கிழிந்த அட்டையோடு கட்டுக் கட்டாகக் கிடந்த அறிக்கைகள் ஞாபகம் வந்தன. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற பெண்ணின் முகம் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவளுக்கு மூன்று நாள் தேடிக் கொடுத்த அதே கையால், பஜ்ஜி ஆறுவதற்குள் அவள் பெயரை இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அவள் அன்று என் மேசைக்கு வந்து நின்றபோது என்னைத் திட்டியிருக்கலாம். என்னை ஞாபகம் இருக்கிறதா அக்கா என்றுதான் கேட்டாள்.

பக்கத்தை ஸ்கேன் செய்தேன். ஏற்றுவது நிடகுந்தியின் கணக்கிலிருந்து. அவர் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். இன்னும் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் பேர் உள்ளே வேறு பெயர்களில் கிடக்கிறார்கள். அந்தத் தாளை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

திரையில் முதல் கட்டம் தலைப்பு கேட்டது. நன்றியுரை என்று அடித்தேன். அடுத்த கட்டம் ஆசிரியர் கேட்டது. ஹுலிகெம்மா தளவார் என்று அடித்து, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் எழுத்து விடாமல் இரண்டு தடவை சரிபார்த்தேன்.